கடைமடை இயக்கு அணை, காலை ஆறு மணி

மேலே நன்னீர், ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்.
கீழே உவர், பூஜ்யம் புள்ளி ஒன்பது.
வாட்சப்பில் அனுப்பிவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறேன்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு: குறிப்பு.
பதினோரு ஆண்டுகளாக அதில் நான் நிரப்புவது
ஒன்றுமில்லை.

ஆனி பதினேழு அன்று மட்டும்
அந்தக் கட்டம் போதவில்லை.
மூன்றாம் ஷட்டர்ப் பள்ளத்தில், ஆகாயத்தாமரைக்கு அடியில்,
பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, நீலக் கால்சட்டை.
நான்தான் தூக்கினேன்.
பையில் பஸ் பாஸ் நனையாமல் இருந்தது,
லேமினேட் செய்திருந்தார்கள்.

பதினாறு முடிந்து தையல்நாயகி வந்தாள்.
"லஸ்கரே, நீ தண்ணியோடயே கெடக்குறவன்.
கோயிலுக்கும் வர்றதில்ல,
எங்க வீட்டுக்காரரு மாதிரி கருப்புச் சட்டையும் போடுறதில்ல.
எதைத்தான்யா கும்புடுற?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்:
வெளியே உட்கார்ந்து ஒருவர் இதை ஆட்டுவிக்கவில்லை அம்மா,
இதெல்லாம்தான் அது.
இந்த நீர், இந்தத் துரு, மடவைக் குஞ்சு, நீ, நான்.

அவள் ஷட்டரைப் பார்த்தாள்.
"அப்ப எம்புள்ளயக் குடிச்ச பள்ளமும் அதானா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
இல்லை என்றால் நான் நம்புவது அந்தக் கணமே முடிந்தது.

"எனக்குத் திட்டுறதுக்கு ஒரு மொகம் வேணும்யா.
வைத்தீஸ்வரன்கோயில்ல போய்
அவ எதிர்ல நின்னு நாக்குத் தெறிக்கத் திட்டிட்டு வந்தேன்,
என் பேரையே வச்சுக்கிட்டு நிக்கிறா.
ஒன் சாமிய எந்தப் பக்கம் திரும்பித் திட்டுறது?"

அறிவுக்கரசு வந்தது வேறொரு நாள், மாலை அளவுக்கு.
விவசாயத் தொழிலாளர் சங்கம், தாலியில்லாத கல்யாணம்.
பீடியைப் பற்றவைத்தார்.
என் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது.

"எல்லாம் கடவுள்ங்கிற. சரி.
கடையில எல்லாச் சாமானுக்கும் ஒரே வெலைன்னா
சீட்டு எதுக்கு ஒட்டுற? கிழிச்சுப் போடு.
மிச்சம் தண்ணி தண்ணியாத்தான் இருக்கும்.
நீ நம்ம ஆளு, சொல்லத்தான் கூச்சப்படுற."
பிறகு, "இறைன்னா எனக்குத் தெரிஞ்சது
என்ஜின் இறைக்கிறதுதான்" என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.
"எந்த எடம்?"
காட்டினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியில் இறங்கினார்.
பாசி வழுக்கும் என்பதற்காகவும் இருக்கலாம்.

அவள் கணக்கில் நான் மரியாதை தெரிந்த நாத்திகன்.
அவர் கணக்கில் வெட்கப்படுகிற பக்தன்.

மூன்றாம் ஷட்டர் ரப்பர் கிழிந்து மூன்று வருடம்.
எஸ்டிமேட் போட்டிருக்கிறது.
அந்தக் கசிவில் தண்ணீர் இனிப்புமில்லை, கரிப்புமில்லை.
மடவை அங்கேதான் மொய்க்கும்.
நம் கட்சிக்கு நல்ல உவமை கிடைத்தது என்று
ஒருநாள் முழுக்க மகிழ்ந்திருந்தேன்.
அமாவாசை ஓதத்தில் அதே கசிவு வழியே உப்பு ஏறி
ஆறு மா நாற்றங்கால் கருகியது.
உவமையும் அதுதான் என்றால்
கருகலும் அதுதான்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளத்தைச் சுற்றிக் கம்பிவேலி கேட்டு
செயற்பொறியாளருக்கு மனு எழுதினோம்.
வாசகம் என்னுடையது.
கையெழுத்துப் போடும்போது அவள் 'முருகா' என்றாள்,
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எழுதித் தந்த கையை மட்டும்
இருவரும் ஒருமுறை பார்த்தார்கள்.

இன்று ஒன்று புள்ளி ஒன்று. வேலி வரவில்லை.
குறிப்புக் கட்டத்தில் பழைய சொல்லை எழுதிவிட்டு
முதன்முறையாக அதைப் படித்துப் பார்க்கிறேன்.
முன்னால் ஒரு ஒன்று.
பின்னால் ஒரு இல்லை.
நடுவே ஓர் உம்,
இருட்டில் கதை கேட்கிறவர் கொட்டுவது போல.

கீழே மடவை ஒன்று துள்ளி விழுந்தது.
ம், என்றேன்.
யாருக்கு என்று தெரியாமல்.